ஒரு மாதிரிப் பார்வை

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. ஊர் மலையகத்தில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். போன வாரம் கல்லாவில் 8,000 ரூபாய் குறைந்தது. யாரும் நேரே கேட்கவில்லை, ஆனால் 'தோட்டத்துப் பெடியன்' என்று என்னை மட்டும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். நான் எடுக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு மானத்தோடு விலகிவிடலாமா? (வாசகர், கொழும்பு)

பதில்: 'ஒரு மாதிரி' என்றால் எந்த மாதிரி என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே தம்பி. யுத்த காலத்தில் கொழும்புக் காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினால், பிறந்த இடம் என்ற வரியில் கண் போய் நிற்கும். அப்புறம் முகம், திரும்ப அட்டை, அப்புறம் பை. ஒரு நாள் என் பையில் ஐந்து முருங்கைக்காய், பேப்பரில் சுற்றியது. சாவடிச் சிப்பாய் ஒவ்வொன்றாக எடுத்து, தட்டி, வளைத்து, காதருகே பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். வெள்ளவத்தைச் சந்தையில் நான்கூட அப்படிப் பார்த்து வாங்கியதில்லை. கை நடுங்கினால் ஏன் நடுங்குகிறது என்பார்கள், நடுங்காவிட்டால் பழகிய ஆள் என்பார்கள்.

மதுரைப் பொற்கொல்லன் கதையும் இதுதான். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்றார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு களவு நூலைப் பிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வர்களின் எட்டு உபாயங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டான். நல்லவன் போலத் தெரிந்ததே குற்றமாகிவிட்டது. (கண்ணகியின் கோபத்தை மட்டும் முழங்கும் நம் பட்டிமன்றக்காரர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. முன்பு ஒரு முறை இதை எழுதி மூன்று வசவுக் கடிதம் வாங்கியவன் நான். நாலாவதுக்கும் தயார்.)

உங்கள் முதலாளி தமிழர்தானே? 'பெடியன்' என்ற சொல்லே சொல்கிறது. அப்படியானால் அவரும் அந்தச் சாவடியில் நின்றிருப்பார். அங்கே வாங்கிய பார்வையை இப்போது உங்களிடம் செலவழிக்கிறார். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகச் சனத்தை நாடற்றவர்களாக்கியதை மேடையில் மணிக்கணக்காகப் பேசுவோம். வீட்டுக்கு வந்ததும் 'வேலைக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளை கிடைக்குமா' என்று போனில் விசாரிப்போம்.

சரி, 8,000 ரூபாய். கட்டாதீர்கள். எடுக்காததை எடுத்தேன் என்று கைக்காசு கொடுத்துப் பொய் சொன்னதாகிவிடும், அடுத்து அங்கே வரும் ஹட்டன் பையனின் தலையிலும் அது விடியும். அன்றைக்குக் கல்லாவில் யார் யார் இருந்தார்கள், பில் புத்தகம் யார் கையில் இருந்தது, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கண்ணால் கண்டதை மட்டும். கோபத்தில் பக்கத்து மேசைக்காரர் மேல் ஏற்றிவிட்டால், நீங்களும் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். சம்பளத்தில் பிடித்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, கொப்பியோடு போங்கள்.

முருங்கைக்காய் என்ன ஆனது என்கிறீர்களா? ஐந்தில் இரண்டு முற்றல். அவ்வளவு தட்டிப் பார்த்த மனுசன் அதையாவது சொல்லியிருக்கலாம்.