சம்பளத்தைக் கேட்டால் வறுமை தெரியுமா?

கேள்வி: எங்கள் தெருவில் கட்டட வேலைக்குப் போகும் தம்பதி இருவருமாக மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் சம்பாதிக்கிறார்கள். அவர்களை ஏழைகள் என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, விருதுநகர்

பதில்: அடைமழை மாதத்தில் அந்த 20,000 எவ்வளவாகக் குறைகிறது என்று அவர்களிடம் கேட்டிருக்கிறீர்களா, அம்மா? ஆய்வுப் பணிக்காக வீடு வீடாகப் போன காலத்தில், "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் கூலி வேலை செய்யும் பெண்கள் திகைத்து நிற்பார்கள். வேலை இருந்தால் காசு, இல்லாவிட்டால் கடன். இதில் மாதக் கணக்கு எங்கிருந்து வரும்?

நம் நாட்டு வறுமைக் கோடு குடும்பச் செலவை வைத்துப் போடப்பட்டது. பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழுவின் முறைப்படி 2011-12இல் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். அதைவிடச் சற்றே கூடுதலாகச் செலவழித்தவர் ஏழைக் கணக்கில் வரவில்லை. அதை என்னால் அன்றும் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் பன்முக வறுமைக் குறியீடு வேறு விதமாகப் பார்க்கிறது. வீட்டுக்கென்று கழிப்பறை உண்டா, விறகில் சமைக்கிறார்களா, குடிநீருக்கு எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என்று 12 அம்சங்கள். ஊட்டச்சத்துக்கும் படிப்புக்கும் மதிப்பு அதிகம். அந்தத் தம்பதியின் 12 வயது மகள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்றிருக்கிறாள், தாயும் எடை குறைந்து மெலிந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு குறைகளே போதும், எவ்வளவு சம்பாதித்தாலும் இந்தக் கணக்கில் அது ஏழைக் குடும்பம்தான்.

2019-21 ஆய்வின்படி இந்தியாவில் இத்தகைய ஏழைகள் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். சத்துணவும் ரேஷன் அரிசியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பெருமை உண்டு. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அந்த 12 அம்சங்களில் கடன் இல்லை! வாரத் தவணை கட்டுவதற்காக மதியச் சோற்றை விடுகிற பெண்ணின் வீட்டில் எரிவாயு அடுப்பு, கழிப்பறை, டி.வி. எல்லாம் இருக்கும். கணக்கில் அவள் ஏழையாக வராமலே போகலாம்.

கேள்வி: ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே அளவுக்கு ஏழைகளா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. குறியீடு வீட்டை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. கடைசியில் சாப்பிடுகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. சத்துக்குறைவு பார்க்கும்போது பெண்களில் 49 வயதுக்கு மேலும், ஆண்களில் 54 வயதுக்கு மேலும் எடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மகன் வீட்டுத் திண்ணையில் ஒருவேளைச் சோற்றோடு இருக்கும் பாட்டி இதனால் விடுபட்டுப் போகிறார். அடுத்த ஆய்விலாவது முதியவர்களையும் எடை பார்க்க வேண்டும்.