ரெனால்ட்ஸ் ஓவியத்தில் முகம் மட்டும் வெளிறியிருப்பது ஏன்?

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய சீமாட்டி ஒருவரின் முழு உருவ ஓவியத்தில் உடை பளிச்சென்றிருக்க, முகம் மட்டும் வெளிறித் தெரிவதால், உங்கள் கட்டுரைக்காக இணையத்தில் கிடைத்த படமே பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் படத்தில் குறை இருக்காது. சருமத்தின் செம்மைக்கு அவர் விரும்பிப் பயன்படுத்திய, கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் கார்மைன் சாயம் வெளிச்சம் பட்டால் மங்கக்கூடியது. அவர் வாழ்நாளிலேயே இது குறித்துப் புகார்கள் எழுந்தன. உடைகளையோ பெரும்பாலும் பீட்டர் டாம்ஸ் போன்ற உதவியாளர்களே தீட்டினர். ஒப்பிட்டுப் பார்க்க, லண்டன் கென்வுட் மாளிகையில் உள்ள, 1764 வாக்கில் அவருடைய சமகால ஓவியர் கெயின்ஸ்பரோ தீட்டிய ஹவ் சீமாட்டியின் ஓவியம் ஏற்றது. உடையையும் தாமே தீட்டும் வழக்கமுடைய அவரிடம், இளஞ்சிவப்புப் பட்டும் முகமும் ஒரே கைவண்ணமாக இசைந்திருக்கும். கட்டுரையில் சேர்க்கும்போது முகத்தின் நிறத்தைக் கணினியில் திருத்திவிடாதீர்கள்.