நடுக்கதையில் விதிநூலை மாற்றலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடிக்கும் மேசை ஆட்டத்தை ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஆடி வருகிறோம். நான்தான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்). இரண்டரை ஆண்டுகளாக ஓடும் ஒரே கதையில் நால்வரின் பாத்திரங்களும் இப்போது 7ஆம் லெவலில் நிற்கின்றன. மங்க் (வெறுங்கையால் சண்டையிடும் துறவி) ஆடும் நண்பர் 2024ஆம் ஆண்டின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை, அதாவது ஆட்டக்காரர்களுக்கான புதிய விதிநூலை, வாங்கிவிட்டார். உடனே மாறிவிடலாம் என்கிறார். பாலடின் (மந்திரமும் தெரிந்த புனித வீரர்) ஆடுபவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். மற்ற இருவருக்கும் எதுவானாலும் சம்மதம். என்னிடம் பழைய புத்தகங்கள் எட்டு இருக்கின்றன. மாறுவதா, இருப்பதிலேயே தொடர்வதா?

பதில்: மாற வேண்டும் என்பவர் மங்க் ஆடுவதும், வேண்டாம் என்பவர் பாலடின் ஆடுவதும் தற்செயல் அன்று என்பதை முதலில் கவனியுங்கள். 7ஆம் லெவல் மங்கின் வெறுங்கை அடிக்குப் பழைய நூலில் ஆறு முகப் பகடை. புதிய நூலில் எட்டு முகப் பகடை. முன்பு அம்பு, ஈட்டி என்று தொலைவிலிருந்து வருவதை மட்டுமே தடுக்க முடிந்த அவரால், இப்போது நேருக்கு நேர் விழும் வாள்வீச்சின் சேதத்தையும் குறைத்துக்கொள்ள முடியும். எதிரியின் அருகிலிருந்து விலகவும் பாய்ந்தோடவும் ‘கீ’ என்ற சக்திப் புள்ளியைச் செலவழித்த நிலை போய், முக்கியச் செயலோடு சேர்த்துச் செய்யும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் ஒன்று மிச்சமிருந்தால் போதும் என்றாகிவிட்டது. பத்து ஆண்டுகளாக ‘அடுத்த கதையில் வேறு கிளாஸ் (பாத்திர வகை) எடுத்துக்கொள்’ என்ற அறிவுரையையே கேட்டுவந்த மங்க் ஆட்டக்காரருக்கு இது நீண்ட நாள் பாக்கி திரும்பி வந்த மாதிரி.

பாலடினின் கதை வேறு. டிவைன் ஸ்மைட் என்பது முன்பு அடி விழுந்த பிறகு கூடுதல் சேதத்தைச் சேர்த்துக்கொள்ளும் திறனாக இருந்தது. ஒரே முறையில் இரண்டு அடிகளும் விழுந்து, இரண்டாம் நிலை ஸ்பெல் ஸ்லாட்டுகளில் (மந்திரம் போடச் செலவழிக்கும் இருப்பு) இரண்டைக் கொட்டினால், எட்டு முகப் பகடைகள் ஆறு கூடுதலாக உருளும். மேசையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்க்கும் நேரம் அது. புதிய நூலில் டிவைன் ஸ்மைட் ஒரு ஸ்பெல். அது போனஸ் ஆக்‌ஷனைக் கேட்கிறது. ஆகவே தன் முறைக்கு ஒரு தடவைக்கு மேல் நடக்காது. எதிரி மந்திரவாதி கவுண்டர்ஸ்பெல் போட்டு அதை முறிக்கவும் கூடும். இதற்கு ஈடாக, கைவைத்துக் குணமாக்குவது போனஸ் ஆக்‌ஷனாகிவிட்டது, ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் ஸ்லாட் செலவில்லாமல் ஒரு ஸ்மைட் கிடைக்கிறது, 5ஆம் லெவலிலிருந்து குதிரையை வரவழைக்கும் ஸ்பெல் எப்போதும் தயாராக இருக்கிறது. கூட்டிக் கழித்தால் பெரிய நட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நண்பர் பாலடினை எடுத்ததே அந்த ஆறு பகடைகளுக்காக என்றால், இந்தக் கணக்கு அவருக்கு ஆறுதல் தராது. எனவே இருவரிடமும் ‘எந்தப் பதிப்பு நல்லது?’ என்று கேட்காமல், ‘உன் பாத்திரத்தில் எதை இழக்க உனக்கு மனமில்லை?’ என்று தனித்தனியே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பயனுள்ள விடை வரும்.

பதிப்பு மாற்றம் என்றதும் பழைய ஆட்டக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்குவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்பு வந்தபோது ஆர்மர் கிளாஸ் கணக்கே தலைகீழானது. அதுவரை எண் குறையக் குறையக் காப்பு கூடியது, அதன் பிறகு எண் கூடக் கூடக் காப்பு கூடுகிறது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு முந்தையதிலிருந்து அவ்வளவு விலகியிருந்ததால், பலர் அதைத் தொட மறுத்தார்கள். அவர்களை நம்பியே பைசோ நிறுவனம் பழைய 3.5 விதிகளின் மேல் கட்டிய பாத்ஃபைண்டர் ஆட்டத்தை 2009இல் வெளியிட்டது. அந்தப் பிளவுகளை நினைவில் வைத்துக்கொண்டு 2024 நூலைத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில் இது 2003இல் மூன்றாம் பதிப்பு 3.5 ஆனதைப் போன்ற திருத்தம்தான். இருபது முகப் பகடையை உருட்டி, எண்ணைக் கூட்டி, இலக்கைத் தாண்டினோமா என்று பார்க்கும் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் சாகசக் கதை நூல்களையும் புதிய பாத்திரங்களை வைத்து ஒரு பக்கம்கூட மாற்றாமல் நடத்தலாம்.

‘அப்படியானால் மாறுவதில் சிரமமே இல்லையே’ என்று உங்கள் மங்க் நண்பர் சொல்லுவார். ஆட்டக்காரருக்குச் சிரமம் இல்லைதான். சிரமம் முழுவதும் டிஎம்மின் பக்கம் வந்து விழுகிறது, ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் வாக்குக்கு இரண்டு வாக்கு மதிப்பு உண்டு என்பது என் கட்சி.

ஓர் எளிய ஓநாயை எடுத்துக்கொள்வோம். எதிரிகளின் விவரநூலான மான்ஸ்டர் மேனுவலின் 2014 பதிப்பில் ஓநாய் கடித்தால், கடிபட்டவர் வலிமைக்கான சேவிங் த்ரோவில் (விளைவிலிருந்து தப்ப உருட்டும் பகடை) 11 அல்லது அதற்கு மேல் எடுத்தால் கீழே விழாமல் தப்பிக்கலாம். 2025 பிப்ரவரியில் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் அந்த சேவிங் த்ரோ இல்லை. கடி பட்டால், மனித அளவோ அதற்குக் குறைவோ உள்ள பாத்திரம் விழுந்தே ஆக வேண்டும். விழுந்தவரை மற்ற ஓநாய்கள் சூழ்ந்து கடிப்பதும் எளிது. பகடை உருட்டல் ஒன்று குறைவதால் சண்டை வேகமாக நகர்கிறது என்பது உண்மை. ஆனால் பழைய விதியில் செய்த பாத்திரங்களின் மேல் புதிய ஓநாய்க்கூட்டத்தை ஏவினால் முதல் சுற்றிலேயே மேசையில் முணுமுணுப்பு கேட்கும்.

சண்டையின் கடுமையைக் கணக்கிடும் முறையும் மாறிவிட்டது. இதை அறியாமல் மாறிய டிஎம்கள்தாம் அதிகம் அடிபட்டார்கள். 7ஆம் லெவல் பாத்திரம் ஒன்றுக்குப் பழைய நூல் ‘டெட்லி’ (உயிருக்கே ஆபத்தான சண்டை) என்று வகுத்த அளவு, எதிரிகளுக்குரிய மதிப்பெண்ணான அனுபவப் புள்ளிகளில் 1,700. புதிய நூல் ‘ஹை’ என்று வகுக்கும் அளவும் அதே 1,700தான். நால்வருக்கு 6,800. பார்வைக்கு எதுவுமே மாறவில்லை. ஆனால் பழைய முறையில் எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் மொத்தப் புள்ளிகளை இரண்டால் பெருக்க வேண்டும். புதிய முறையில் அந்தப் பெருக்கலே கிடையாது. தலைக்கு 1,100 புள்ளி உள்ள ஆறு எதிரிகளை நிறுத்தினால் புதிய கணக்கில் 6,600, வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. பழைய கணக்கில் அதுவே 13,200, வரம்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. புதிய பாத்திரங்களின் கூடுதல் பலத்தை எண்ணித்தான் இந்தக் கணக்கைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்று படுகிறது. எனவே, பாத்திரங்கள் பழையதாகவும் சண்டைக் கணக்கு புதியதாகவும் இருக்கும் கலவையை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். மற்றக் கலவைகள் சுவை குன்றும், அவ்வளவுதான். இது குழுவையே சாய்த்துவிடும்.

ஆயுத வித்தை பற்றியும் ஒரு சொல். ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், ரோக் ஆகியோருக்குப் புதிய நூல் ‘வெப்பன் மாஸ்டரி’ என்ற திறனைத் தருகிறது. பெரிய இருகை வாள் குறி தவறினாலும் சிறிது சேதம் செய்யும். நீள்வாளால் அடிபட்ட எதிரியின் அடுத்த தாக்குதல் தடுமாறும். போர்க்கோடரி அடித்தால் எதிரி விழாமலிருக்க சேவிங் த்ரோ உருட்ட வேண்டும். வெறுமனே ‘அடிக்கிறேன்’ என்று சொல்லி உட்கார்ந்திருந்த ஃபைட்டருக்கு இது உயிர் கொடுத்திருக்கிறது. அதற்கு விலை நேரம். எங்கள் மேசையில் கோடரிக்காரர் ஒரு முறைக்கு இரண்டு தடவை அடித்து, ஒவ்வோர் அடிக்கும் நான் எதிரிக்காகப் பகடை உருட்டி, ‘விழுந்ததா, எழுந்ததா?’ என்று குறித்துக்கொண்டே போனதில், ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய சண்டை இரவுச் சாப்பாட்டைத் தாண்டியது. விழுந்த பொம்மையைப் படுக்க வைக்கும் பழக்கம் வந்த பிறகுதான் வேகம் கூடியது.

இவ்வளவையும் வைத்து என் விடை இது. உங்கள் கதை இன்னும் பத்துப் பன்னிரண்டு செஷன்களில் முடிந்துவிடும் என்றால் 2014 விதியிலேயே முடித்துவிட்டு, அடுத்த கதையைப் புதிய நூலில் தொடங்குங்கள். இன்னும் ஓராண்டுக்கு மேல் ஓடும் என்றால், கதையில் இயல்பாக ஓர் இடைவெளி வரும் இடத்தில், பாத்திரங்கள் ஊர் திரும்பி மாதக்கணக்கில் தங்கும் இடமாகப் பார்த்து, நால்வரும் ஒரே நாளில் மாறுங்கள். மங்க் மட்டும் புதியது, பாலடின் மட்டும் பழையது என்று ஆளுக்கொரு நூல் வைத்துக்கொள்வதை, விதிப்படி முடியும் என்றாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். க்யூர் வூண்ட்ஸ் என்ற ஒரே ஸ்பெல் பழைய நூலில் ஓர் எட்டு முகப் பகடைக்கும், புதிய நூலில் இரண்டுக்கும் குணமாக்குகிறது. ஒரே மேசையில் இரண்டு பேர் அதைப் போடும்போது யாருக்கு எத்தனை பகடை என்ற வழக்கு ஒவ்வொரு வாரமும் உங்கள் முன்தான் வரும்.

மாறாமலே புதியதன் நல்லதை எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு, பாலடின் நண்பரைச் சமாதானப்படுத்த இது உதவும். மருந்துப் புட்டியைத் தான் குடிப்பதைப் போனஸ் ஆக்‌ஷனாக்குவது, களைப்பின் ஒவ்வொரு நிலைக்கும் இருபது முகப் பகடை உருட்டலில் 2 குறைப்பது, திடீர்த் தாக்குதலில் அகப்பட்டவர் தன் முதல் முறை முடியும்வரை சிலையாக நிற்பதற்குப் பதிலாக முறை வரிசைக்கான பகடையைப் பாதகத்துடன் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுத்து) உருட்டுவது, இவை மூன்றும் பழைய விதியில் ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். களைப்பின் பழைய ஆறு படி அட்டவணையை எங்கள் குழுவில் எவரும் மனப்பாடமாக வைத்திருந்ததே இல்லை. மங்குக்கு மட்டும் சலுகையாக அந்த எட்டு முகப் பகடையை வீட்டு விதியாகக் கொடுத்துவிட்டால் அவருடைய அவசரமும் பாதி தணியும்.

பணம் செலவழிக்கும் முன் ஒத்திகை பாருங்கள். புதிய விதிகளின் அடிப்படைத் தொகுப்பான எஸ்ஆர்டி 5.2, 2025 ஏப்ரலிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பன்னிரண்டு கிளாஸ்களும் அதில் உண்டு. துணைக் கிளாஸ் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதான். பாலடினுக்கு ஓத் ஆஃப் டிவோஷன், மங்குக்கு ஓப்பன் ஹேண்ட். அதை வைத்து உங்கள் கதைக்குத் தொடர்பில்லாத இரண்டு செஷன் ஆடலாம். ஒத்திகையில் இருவரும் பாத்திரங்களை மாற்றிக்கொண்டு ஆடட்டும். பாலடின்காரர் ஒரு மாலை மங்க் ஆடினால் வாதத்தின் தொனியே மாறும்.

மாறுவது என்று முடிவானால், நீங்கள் பயப்படும் அளவுக்கு வேலை இல்லை. திறன் எண்களைத் தொடாதீர்கள். முன்பு இனம் தந்த கூட்டலைப் புதிய நூலில் பின்னணி தருகிறது. கூட்டல் இடம் மாறியதே தவிர, ஏற்கெனவே கூட்டி முடித்த பாத்திரத்துக்கு அதனால் எதுவும் மாற வேண்டியதில்லை. பின்னணியோடு வரும் ‘ஆரிஜின் ஃபீட்’ என்ற தொடக்கச் சிறப்புத் திறன் ஒன்றை மட்டும் ஒவ்வொருவரும் புதிதாகத் தேர்ந்தெடுக்கட்டும். கிளாஸ் திறன்களை 1 முதல் 7 வரை வரிசையாகப் புதிய தாளில் எழுதட்டும். உங்கள் எட்டுப் புத்தகங்களில் உள்ள துணைக் கிளாஸ் புதிய நூலில் இல்லாவிட்டால் பழையதையே வைத்துக்கொள்ளலாம். புதிய விதியில் எல்லாத் துணைக் கிளாஸ்களும் 3ஆம் லெவலில் தொடங்குவதால், அதற்கு முன் வரும் திறன்கள் 3க்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 7ஆம் லெவலில் நிற்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

புத்தகச் செலவைப் பொறுத்தவரை, மூன்று அடிப்படை நூல்களும் அமெரிக்காவில் தலா 49.99 டாலர், இறக்குமதிச் செலவு வேறு. மூன்றையும் ஒன்றாக வாங்காதீர்கள். ஒரு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஏற்கெனவே மேசைக்கு வந்துவிட்டது. ஐந்நூறுக்கு மேற்பட்ட எதிரிகள் உள்ள மான்ஸ்டர் மேனுவல் அடுத்தது. இரண்டரை ஆண்டு நடத்திய உங்களுக்கு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் கடைசிதான்.

பழைய எட்டும் வீணாகுமோ என்ற கவலை வேண்டாம். பழைய எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸில் வந்துவிட்டது. அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆட்டத்தின் அதிகாரபூர்வ இணையத்தளமான டி&டி பியாண்ட் 2024 ஆகஸ்டில் பழைய பாத்திரத்தாள்களின் ஸ்பெல்களைத் தானாகவே புதிய வடிவுக்கு மாற்றப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. இருந்தாலும் பாத்திரத்தாள்களை இணையத்தில் மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால், மாறும் நாளுக்கு முன் நால்வருடையதையும் ஒரு தடவை அச்செடுத்து வைத்துவிடுங்கள். பாலடினுடையதை இரண்டு படியாக எடுங்கள்; ஒன்றை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.