அடைக்கோழி பாதியில் எழுந்து போகிறதா? கோழியை விற்காதீர்கள், கூட்டைப் பாருங்கள்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பில் குடியிருக்கிறோம். 9 பெட்டை, ஒரு சேவல் இருக்கின்றன. அடை வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக உட்காருகின்றன. அப்புறம் ராத்திரியில் எழுந்துபோய்க் கொய்யா மரத்தில் ஏறிக்கொள்கின்றன. மூன்று ஈடு முட்டையும் வீணாகிவிட்டது. கோழிகளின் கொண்டை வெளுத்திருக்கிறது. மொபெட்டில் வரும் கோழி வியாபாரி, “ஜாதி கெட்டுப்போச்சுங்க, இதுகளைக் குடுத்துட்டு வேற வாங்கிக்குங்க. ஆலப்புழையில பறவைக் காய்ச்சல் வந்தா கவர்மெண்ட்ல வந்து எல்லாத்தையும் பொதைச்சுப் போடுவாங்க” என்கிறார். மாற்றிவிடலாமா? அவர் கொடுத்த சிரப்பைத் தொடரலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். சிரப்பை இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் நோயைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒன்று, கோழி எழுந்து போவது ராத்திரியில். மற்றது, கொண்டை வெளுத்திருப்பது. அடைக்கோழி பகலில் ஒரு தடவை இறங்கி, தீனி தின்று, பெரிய எச்சமாகப் போட்டுவிட்டு, கால் மணி, இருபது நிமிஷத்தில் திரும்ப ஏறும். அது இயல்பு. ராத்திரியில் முட்டையை விட்டுவிட்டு மரத்துக்குப் போகிறது என்றால், கூட்டுக்குள் எதுவோ அதை இருக்க விடவில்லை. பூனையோ பாம்போ என்றால் ஒரு நாளோடு தெரிந்துவிடும். மூன்று ஈடும் அதே பத்தாம் நாள் வாக்கில் கெட்டது என்றால் செள்ளு, கோழியின் ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி.

பகலில் கூட்டை எத்தனை தடவை புரட்டினாலும் இது கண்ணில் படாது. கட்டை இடுக்கு, மூங்கில் முடைச்சல், ஷீட்டும் மரமும் சேரும் இடம் என்று போய் ஒளிந்துகொள்ளும். இருட்டியபின் வந்து ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். நம் ஊர் வெக்கையில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை எழுந்துவிடும். அடைக்கோழியோ 21 நாள் இரவும் பகலும் ஒரே இடத்தில் உட்காருகிறது. முதல் வாரம் பத்து இருபது செள்ளு கடித்தால் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது வாரம் அது ஆயிரமாகிறது. அதனால்தான் உங்களுக்கு அந்தப் பத்து நாள் கணக்கு. கொண்டை வெளுப்பது ரத்தம் போவதால்தான்.

சோதித்துப் பார்க்க டாக்டர் வேண்டாம். ராத்திரி 9 மணிக்கு மேல் டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். கோழி ஏறி நிற்கும் குச்சியின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு, அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் துருப்பிடித்த மாதிரி சிவப்புக் கோடு விழுந்தால் அது உங்கள் கோழியின் ரத்தம். அடைக்கூடையின் விளிம்பில் கையை ஒரு நிமிஷம் வைத்திருந்தாலும் போதும். ஊசி முனை அளவில் சாம்பல் நிறப் புள்ளிகள் முழங்கை வரை ஊர்ந்து வரும். குடித்தது சிவப்பாக இருக்கும், குடிக்காதது சாம்பலாக இருக்கும். இதில் ஒன்றிரண்டு இனம் உண்டு. வைத்தியம் ஒன்றுதான் என்பதால் அந்த விவரம் உங்களுக்கு வேண்டாம்.

இனி கூடு. தோப்புக்காரர்கள் வீட்டில் நான் அடிக்கடி பார்ப்பது, அடைக்கூடைக்குள் பன்னாடையும் தேங்காய் நாரும் போட்டு மெத்தை செய்திருப்பார்கள். கோழிக்குச் சுகமோ இல்லையோ, செள்ளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அத்தனையையும் எடுத்துத் தோப்பின் கோடியில் எரித்துவிடுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால் கோழி கிளறும்போது திரும்ப ஏறிக்கொள்ளும். மூங்கில் கூடையையும் இந்த ஈட்டுக்கு ஒதுக்கிவிட்டு, இடுக்கே இல்லாத பழைய பிளாஸ்டிக் பேசினோ அகன்ற மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு வெயிலில் காய்ந்த மணல், அதில் சலித்த விறகுச் சாம்பல் இரண்டு கை, மேலே கொஞ்சம் காய்ந்த வைக்கோல். வேப்பிலையோ நொச்சியோ போடுவதானால் நிழலில் உலர்த்திப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் கோழியின் சூட்டுக்கு ஈரம் விட்டுப் பூஞ்சணம் பிடிக்கும், அது முட்டைக்குக் கேடு. மிளகாய், கரித்துண்டு, இரும்பாணி வைப்பது உங்கள் மாமியார் வழக்கம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். செள்ளு அதற்கெல்லாம் அஞ்சாது.

பட்டிக்கூண்டில் கோழி இல்லாத நேரம் பார்த்து ஒவ்வொரு இடுக்கிலும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் காயவிட்டு, சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து இடுக்கு அடைபடும்படி பூசுங்கள். ஏழாம் நாள் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும், பதினான்காம் நாள் இன்னொரு தடவை. எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். முதல் நாள் செத்தது பூச்சி, அதன் முட்டை சாகவில்லை. “ஒரு தடவை அடிச்சேன், திரும்ப வந்திருச்சு” என்று சொல்பவர்கள் எல்லாம் இரண்டாம் தடவை செய்யாதவர்கள். கூண்டை ஒரு மாதம் சும்மா போட்டு வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் ஜென்மம் அது.

கோழிக்குத் தனியாக ஒன்றும் பெரிதாக வேண்டாம். நிழலில் குழி பறித்து மண்ணும் சாம்பலும் கலந்து கொட்டினால் தானே புரண்டு இறகுக்குள் ஏற்றிக்கொள்ளும். கூண்டுக்கு மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் கால்நடை மருத்துவமனையில், உங்கள் ஊர்ப்பேச்சில் மிருகாஸ்பத்திரியில், கோழிக்கூண்டுக்கு என்று கேட்டு வாங்கி, சீட்டில் உள்ள அளவில் கலந்து, முட்டை, தீனி, தண்ணீர் எதிலும் படாமல் அடியுங்கள். தென்னைக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சம் இருக்கிறது என்று அதைக் கொண்டுவந்து அடிக்கும் பழக்கம் இந்தப் பக்கத்தில் நிறைய. கோழி அலகால் இறகை நீவிக்கொண்டே இருக்கும் பிராணி. நீங்கள் மேலே அடித்தது அதன் வயிற்றுக்குள் போகும். அங்கிருந்து உங்கள் பேரப்பிள்ளையின் ஆம்லெட்டுக்குள் வரும். புகையிலைக் கஷாயத்தில் கோழியை முக்குவதும் அப்படித்தான், அந்த நஞ்சு தோல் வழியாகவே ஏறும்.

அந்த சிரப் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. மொபெட்டில் வருவது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக். செள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிலர் மாட்டுக்கு உள்ள ஐவர்மெக்டின் ஊசியைக் கோழிக்குப் போட்டு நூறு ரூபாய் வாங்குகிறார்கள். அந்த மருந்து முட்டையில் இறங்கும். எத்தனை நாள் முட்டையைத் தின்னக்கூடாது என்று அவர் உங்களிடம் சொன்னாரா?

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் 9 கோழியும் ஊர்க்கோழிதானா, அல்லது நாட்டுக்கோழி என்ற பெயரில் வாங்கியவையா? ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தின் வனராஜா, கிராமப்பிரியா, மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ எல்லாம் நல்ல கோழிகள்தான். நம் ஊர்க்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை இட்டால் அதிகம். இவை அதைவிட நிறைய இடும். ஆனால் அடை உட்காரும் குணம் இவற்றில் அநேகமாக இல்லை. அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும் என்பதால் தலைமுறை தலைமுறையாக அந்தக் குணம் குறைந்த கோழிகளாகவே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். வியாபாரி இந்தக் குஞ்சில் செவலையும் கருப்புமாகப் பொறுக்கி, “சுத்தமான நாட்டுரகம்” என்று இரண்டு பங்கு விலைக்கு விற்பார். வாங்கியவர் அடை வைத்துப் பார்த்துவிட்டுக் கோழிக்குச் சீக்கு என்பார். இன்னும் குழப்பம் எது என்றால், ஊர்ச்சேவலோடு இவை கலந்து பிறந்த பெட்டைகள். அவை உட்காரும், நாலைந்து நாள் கேறிக்கொண்டு படுத்திருக்கும், பிறகு மறந்துபோன மாதிரி இறங்கி மேயப் போய்விடும். அடையாளம் இதுதான்: கலப்பினம் பகலில் இறங்கும், கொண்டை ரத்தச் சிவப்பாக இருக்கும், எழுந்து வந்து முட்டையிடவும் தொடங்கும். செள்ளுக் கடி பட்டது ராத்திரியில் ஓடும், வெளுத்திருக்கும், எடை குறைந்திருக்கும். உங்களுடையது இரண்டாவது ரகம் என்றே நினைக்கிறேன். கலப்பினமாகவே இருந்தாலும் விற்கத் தேவையில்லை. முட்டைக்கு அவற்றை வைத்துக்கொண்டு, அந்த முட்டையை ஊர்க்கோழியின் அடியில் வையுங்கள். சாயம் ஏற்றிய ரோஸ், பச்சைக் குஞ்சு விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அவை பெரும்பாலும் முட்டைப்பண்ணையில் கழித்துக்கட்டிய சேவல் குஞ்சுகள்.

முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் உங்கள் பக்கம் மழை மறைவு நிலம், காற்றே அனலாக வரும். 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு உள்ளே மெல்ல அசையத் தொடங்கும். அடுப்படியில் பத்து நாள் சேர்த்துவைத்த முட்டையில் பாதி, அடை வைப்பதற்கு முன்பே செத்திருக்கும். ஈர மணல் மேல் வைத்த சட்டிக்குள், அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி, ஒரு வாரத்துக்குள் இட்டதை மட்டும் வையுங்கள். கழுவ வேண்டாம். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் மேல் வைத்துப் பார்த்து, சிலந்தி போல நரம்பு ஓடாததை எடுத்துவிடுங்கள்.

இப்போது பறவைக் காய்ச்சல் பயம். ஆலப்புழை மாவட்டத்தில் 2014-இல் குட்டநாட்டு வாத்துகளில் வந்தது, 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனையில் வந்தது, நடுவிலும் வந்திருக்கிறது. வந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்தான் பறவைகளை அழிப்பார்கள். ஆலப்புழை உங்கள் வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே. அழிக்கிற கோழிக்கு அரசு இழப்பீடும் தருகிறது. செய்தி டிவியில் வந்த மறுநாள் காலையில் மொபெட் வந்து நிற்பது ஏன் என்று யோசியுங்கள். உங்களிடம் பாதி விலைக்கு எடுத்த கோழி, வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட்டில் லாரி டயருக்கு மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போதே, தோப்புப் பாதை வழியாகப் பொள்ளாச்சிச் சந்தைக்கு முழு விலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு நாள், இரண்டு நாளில் கோழிகள் கொத்தாகச் செத்தால், கொண்டை நீலம் பாரித்தால், தலை வீங்கினால் மட்டும் யாரிடமும் விற்காமல், வாய்க்காலில் வீசாமல், உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது வெள்ளைக் கழிச்சலுக்கு, ராணிக்கெட் என்பார்களே, அதற்கு. வந்தால் மருந்து இல்லை. வராமல் தடுக்க ஊசி உண்டு, அது கிடைப்பதுதான் பாடு. ஒரு பாட்டில் பெரும்பாலும் 100 கோழிக்கு. கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழியோடு மிருகாஸ்பத்திரிக்குப் போனால் “ஆள் சேர்ந்ததும் வாங்க” என்று திருப்பி அனுப்புகிறார்கள். சின்ன பாட்டில் எல்லா ஊருக்கும் தாராளமாகக் கிடைக்கச் செய்ய ஏன் இத்தனை வருஷமாக முடியவில்லை என்று கேட்டால் பதில் வராது. புறக்கடைக் கோழி வளருங்கள் என்று திட்டம் போட்டுக் குஞ்சு கொடுப்பவர்களும் அவர்கள்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தால் ஆதாரில் கேரள முகவரி என்பார்கள். அந்தப் பக்கம் போனால் படிவம் மலையாளத்தில் என்பார்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அக்கம்பக்கத்துத் தோப்புகளில் கணக்கெடுத்து 60, 70 கோழியைக் காட்டி, ஒரு மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

மொபெட்காரர் “ஊசியும் நானே போடுறேன்” என்பார். மருந்து 2-இலிருந்து 8 டிகிரிக்குள் ஐஸில் இருக்க வேண்டியது. அவர் சட்டைப் பையிலிருந்து எடுப்பார். குஞ்சுக்கு ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து. இந்த ஈடு பொரித்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.