சில்வண்டு உரித்த தோலை வைத்து இனத்தைச் சொல்ல முடியுமா?

மரத்தில் ஒட்டியிருந்த சில்வண்டுத் தோல்களைப் பொறுக்கி வைத்திருக்கும் வாசகர் ஒருவர், பெரிதும் சிறிதுமாக இருக்கின்றனவே, இரண்டு இனமா அல்லது ஆணும் பெண்ணுமா என்று கேட்கிறார்.

ஆண் பெண் விஷயம் சுலபம். தோலை மல்லாத்திப் போட்டு வயிற்றின் நுனியைப் பாருங்கள். நட்டநடுவில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடினால் பெண், முட்டையிடும் குழல் உருவான இடம் அது. ஆணுக்கு அது இருக்காது.

இனம்தான் பாடாய்ப் படுத்தும். உடல் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள், காய்ந்த தோலில் வயிறு ஒன்றில் நீண்டும் இன்னொன்றில் உள்ளே சுருங்கியும் கிடக்கும். தலையின் அகலம் அப்படி மாறாது, அதை அளந்து பாருங்கள். சிறியது குஞ்சாக இருக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம். முந்தைய வளர்ச்சிப் பருவங்களின் தோலைச் சில்வண்டு மண்ணுக்குள்ளேயே உரித்துவிடும், மரத்தில் கிடைப்பது எல்லாமே ஐந்தாவது, கடைசிப் பருவத்தோடது.

அப்புறம் ஒரு கைலென்ஸ் வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: உணர்கொம்பு, மண் தோண்டும் முன்கால். ஜப்பானில் அபுராசெமி, மின்மின்செமி என்ற இரண்டு சில்வண்டு இனங்களின் தோலும் அளவில், நிறத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அடியிலிருந்து எண்ணினால் அபுராசெமியின் உணர்கொம்பில் மூன்றாவது கணு இரண்டாவதைவிட நன்றாக நீளம், ரோமமும் அடர்த்தி; மின்மின்செமிக்கு இரண்டு கணுவும் ஏறக்குறைய சமம். முன்கால் தொடையின் அடியில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை இருக்கும், அதன் பற்களின் எண்ணிக்கையும் அமைப்பும் இனத்துக்கு இனம் மாறலாம். மண் ஒட்டியிருந்தால் உடனே கழுவ வேண்டாம், அதே ஜப்பானின் நீநீசெமியை உடம்பெல்லாம் அப்பிய சேற்றை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் உங்கள் பகுதியில் என்னென்ன இனங்கள் உண்டு என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் உதவும். இல்லையென்றால் என் யோசனை, இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், தோலுரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள் (பிடியுங்கள் என்றால் கண்ணால்தான், இறக்கை விரிந்து இறுகுவதற்குள் தொட்டால் கோணிப்போகும்). புதிதாக வந்தது வெளிறிப்போய் இருக்கும், நிறம் ஏறச் சில மணி நேரம் ஆகும். நிறம் ஏறிய பிறகு அதையும் அதன் தோலையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டால், உங்களிடம் இருக்கும் மற்ற தோல்களை ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

தோலைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் உணர்கொம்புதான் முதலில் ஒடியும். சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, தேதி, இடம், எந்த மரம் என்று ஒரு சீட்டும் எழுதிப் போடுங்கள்.