மாடிப் பூங்கா பக்கத்துப் பழைய வீடு: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

வடசென்னை மாடிப் பூங்கா அருகே 70 மீட்டரில் பழைய வீடு, இடித்து மூன்று மாடி கட்டத் திட்டம், புரோக்கர் "என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிடலாம் சார்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது சார்.

பூங்கா இருக்கும் பழைய மதராஸ் நகர மதில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. எல்லையிலிருந்து என்பதைக் கவனியுங்கள். சுவரில் டேப் பிடித்து 70 என்று அளந்திருந்தால், உண்மைத் தூரம் இன்னும் குறையலாம்.

தடைப் பகுதியில் பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு மட்டும்தான், அதற்கும் முன் அனுமதி வேண்டும். இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவதும் சட்டத்தின் பார்வையில் மறுகட்டுமானம்தான். அங்கே அதற்கு இடமில்லை. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பழுதுபார்க்க மனுப் போட, கட்டடம் 16.6.1992க்கு முன்பே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பழைய சொத்து வரி ரசீது, மின் இணைப்பு ஆவணம் விற்பவரிடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒழுகும் மெட்ராஸ் டெரஸைக்கூட (செங்கல், சுண்ணாம்பில் போட்ட பழைய மொட்டைமாடித் தளம்) சட்டப்படி சரிசெய்வது கஷ்டம்.

வில்லங்கச் சான்றில் இந்தத் தடை வராது, அதை நம்பாதீர்கள். தடை இருக்கிறது என்று முத்திரைத் தீர்வையும் குறையாது, குறைந்தது அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் கணக்கிடுவார்கள். மாடி ஏற்ற முடியாத மனைக்கு மாடி ஏற்றும் மனையின் விலை எதற்கு? இருக்கும் கட்டடத்தின் வாடகையை வைத்து விலை பேசுங்கள். பழுதுபார்க்கும் மனுவுக்கு எழுத்துபூர்வ பதில் வரும்வரை அட்வான்ஸ் வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அனுமதி மறுத்தால் முழுத்தொகையும் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.