தட்டின் ஓரத்தில் ஒதுங்கும் கரட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. ஒரு வயது வரை பூசணிக்காய், கரட் எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்தால் சாப்பிட்டாள். இப்போது சோறும் பருப்பும் மட்டுமே போதும் என்கிறாள். மரக்கறியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறாள். நான் கொழுந்து பறிக்கப் போவதால் இரவில் மட்டுமே ஊட்ட முடிகிறது. வாயைத் திறந்து திணித்தால்தான் பிள்ளை தேறும் என்கிறார் என் மாமியார். என்ன செய்வது? (ஒரு தாய், தலவாக்கலை)

பதில்: சகோதரி, உங்கள் மகளிடம் நீங்கள் காணும் மாற்றம் இந்த வயதுக்கு இயல்பானது. பிறந்தபோது இருந்த எடை முதல் வருடத்தில் ஏறத்தாழ 3 மடங்காகிறது. இரண்டாம் வருடத்திலோ 2 முதல் 2.5 கிலோ வரைதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. அதே காலத்தில், ஏறத்தாழ 2 வயது முதல் 6 வயது வரை, பழக்கமில்லாத உணவைக் கண்டு தயங்கும் குணமும் பிள்ளைகளிடம் மேலோங்கி நிற்கிறது. எனவே இதை அடம் என்றோ, உங்கள் வளர்ப்பின் குறை என்றோ எண்ணி வருந்த வேண்டாம்.

திணிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்பதே நான் முதலில் சொல்வது. அழுதுகொண்டே விழுங்கிய மரக்கறியை எந்தப் பிள்ளையும் விரும்பியதில்லை. அடுத்த நாள் அந்த மணம் வந்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். என்ன சமைப்பது, எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து உண்பது என்பவற்றைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அவளுக்குப் பிடித்த சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில் ஒரேயொரு போஞ்சித் துண்டை வையுங்கள். சாப்பிடு என்றும் சொல்ல வேண்டாம், ஏன் சாப்பிடவில்லை என்றும் கேட்க வேண்டாம். பத்துப் பதினைந்து தடவை பார்த்து, தொட்டு, நக்கி, துப்பிய பின்புதான் பல பிள்ளைகள் ஒரு புதிய உணவை ஏற்கிறார்கள். இரண்டு மூன்று தடவையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று நாம் முடிவு கட்டிவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

காரத்தையும் கவனியுங்கள். நம் வீடுகளில் எல்லோருக்கும் ஒரே கறி என்பதால், பிள்ளை வெறுப்பது மரக்கறியையா மிளகாயையா என்பது தெரியாமலே போய்விடுகிறது. கரட்டை மெல்லியதாகத் துருவி, வெங்காயம், மஞ்சள், தேங்காய்ப்பூ சேர்த்து வதக்கி, அவளுடைய பங்கை எடுத்து வைத்த பிறகு மற்றவர்களுக்குப் பச்சை மிளகாய் சேருங்கள். தேங்காயின் கொழுப்போடு சேரும்போது கரட்டில் இருந்து உடலில் விற்றமின் ஏயாக மாறும் சத்து நன்றாக உறிஞ்சப்படும். இரவுச் சமையலின்போது போஞ்சி முறிக்கவும், கோவா இதழ்களைப் பிரிக்கவும் அவளை விடுங்கள். கையால் பழகிய பொருளை வாயில் வைப்பது எளிது. "கரட் சாப்பிட்டால் சொக்லட் தருவேன்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அது சொக்லட்டின் மீது ஆசையைக் கூட்டி, கரட்டைத் தண்டனையாக்கிவிடும். உங்கள் மாமியாரும் அக்கறையினால்தான் சொல்கிறார்; திணிப்பதற்குப் பதிலாகப் பேத்தியின் பக்கத்தில் அமர்ந்து அதே மரக்கறியை அவர் உண்டு காட்டினால், அது பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி: நான்கு வயது மகன் பழம் தொடுவதே இல்லை. பால் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். விற்றமின் பாணி கொடுத்தால் போதுமா? (ஒரு தந்தை, ஹட்டன்)

பதில்: போதாது. வைத்தியர் சொல்லாமல் அதை வாங்கவும் வேண்டாம். தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் அவன் வயிற்றை நிரப்பிவிடுவதால் சாப்பாட்டு நேரத்தில் பசி இருப்பதில்லை. தேயிலையில் உள்ள தனின், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதையும் தடுக்கிறது. தேயிலையோடு வாழும் நமக்கு இது கசப்பான செய்திதான். ஆனாலும் சிறு பிள்ளைக்குத் தேத்தண்ணீர் தேவையே இல்லை. சாப்பாட்டுக்கு இடையில் தாகம் எடுத்தால் கொதித்தாறிய தண்ணீர் கொடுங்கள். பிஸ்கட் கேட்கும் அதே நேரத்தில் கொய்யா, பப்பாசி, வாழைப்பழம் என ஏதாவது ஒன்றைக் கீற்றாக வெட்டி வையுங்கள். இறக்குமதி அப்பிள் தேடி அலைய வேண்டாம். பருப்புச் சோற்றோடு கொய்யா உண்டால், அதிலுள்ள விற்றமின் சீ இரும்புச் சத்தை ஏற்க உதவும். 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் மரக்கறியும் பழமும் சேர்த்துக் குறைந்தது 250 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை ஒரே வேளையில் எட்ட முயலாமல், நாள் முழுவதற்கும் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு 20 மாதம். கீரையைத் துப்பிவிடுகிறான். ரொட்டி மாவில் அரைத்துச் சேர்த்துக் கொடுக்கிறேன், அது சரியா? எப்போது டொக்டரிடம் காட்ட வேண்டும்? (ஓர் அம்மாயி, பண்டாரவளை)

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. ஆனால் மறைத்துக் கொடுப்பது மட்டுமே வழியானால், கீரையின் நிறமும் மணமும் அவனுக்குப் பழகாது. ஆகவே கொஞ்சத்தைத் தட்டிலும் தெரியும்படி வையுங்கள். பச்சைக் கரட் துண்டு, முழுத் திராட்சை, கொட்டையுடன் கூடிய ரம்புட்டான் ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். கரட்டை மென்மையாக அவித்தும், திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தும், ரம்புட்டானைக் கொட்டை நீக்கிச் சிறிதாக நறுக்கியும் கொடுங்கள்.

கிளினிக் அட்டையில் பிள்ளையின் எடையைக் குறித்துவரும் வளர்ச்சிக் கோடு கீழே இறங்கினால், விழுங்கும்போது புரையேறினால், அடிக்கடி வாந்தி எடுத்தால், மலச்சிக்கல் நீடித்தால், மண் தின்னும் பழக்கம் இருந்தால், அல்லது உண்ணும் உணவு வகைகள் குறைந்துகொண்டே வந்தால் காத்திருக்க வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி, கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். போகும்போது கடந்த ஒரு வாரத்தில் அவன் உண்டதையும் குடித்ததையும், இடையில் கொறித்ததையும் விடாமல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.